லெவலுக்குப் பேசிய டூப் அக்கா

பட்டத்தோடு போனால் கையில் மைக் கொடுப்பார்கள் என்று நம்பித்தான் அந்த வெளிநாட்டுச் செய்திச் சேனலின் கிளை அலுவலகத்தில் சேர்ந்தேன். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். மைக் கொடுத்தார்கள். அதை இன்னொருவருக்கு மாட்டிவிடச் சொன்னார்கள்.

அந்த இன்னொருவர் கணக்குப் பிரிவு அக்கா. செய்தியாளரம்மாவின் உயரமும் நிறமும் அவருக்கு அப்படியே இருந்தன. அதனால் நேரலைக்கு முன் மொட்டைமாடியில் கேமரா முன்னால் அவரை நிறுத்தி விளக்கைச் சரிசெய்வார்கள். கடல் கடந்த தலைமையகத்தில் படமும் ஒலியும் ஒழுங்காக வருகின்றனவா என்று பார்ப்பார்கள். எல்லாம் சரியானதும் செய்தியாளரம்மா வந்து நிற்பார். அக்கா கீழே இறங்கி விட்ட இடத்திலிருந்து வவுச்சர் ஒட்டுவார். அலுவலகம் அவருக்கு வைத்த பெயர் டூப் அக்கா. இத்தனை வருடம் நின்றும் ஒரு நொடிகூட அவர் ஒளிபரப்பில் வந்ததில்லை.

ஒலி அளவைப் பார்க்க ஏதாவது பேச வேண்டும். அதை லெவல் கொடுப்பது என்பார்கள். மற்றவர்கள் காலையில் சாப்பிட்டதைச் சொல்வார்கள். அக்கா வீட்டுக் கதையைச் சொன்னார். அந்தப் பக்கம் யாருக்கும் தமிழ் தெரியாது என்ற தைரியம். ஹெட்போனோடு பக்கத்தில் நின்ற என்னை மைக் ஸ்டாண்டோடு சேர்த்துக் கணக்கு எழுதியிருந்தார்.

"லெவல், லெவல். எங்க நாத்தனார் இன்னிக்கும் டிவிய நிறுத்தல. இருக்கிறதே ஒரு கூடம். பொண்ணுக்குப் பரீட்சை வருது, பாத்ரூம்ல உக்காந்து படிக்கிறா. அதுலயும் நம்ம சேனலையேதான் அலற விடுறாங்க. அவங்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. என்னைக் கடுப்பேத்தத்தான். லெவல் போதுமா?"

வீடு நாத்தனார் பெயரில் இருந்தது. வாயைத் திறந்தால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான் என்று கணவர் சொல்லி வைத்திருந்தார்.

மாதிரித் தேர்வில் மகள் கோட்டை விட்ட அன்று அக்கா லெவலில் கத்தியே விட்டார். தலைமையகத்திலிருந்து வழக்கமான ஆங்கில 'ஓகே' வரவில்லை. தமிழில் ஒரு குரல் வந்தது.

"லெவல் ஜாஸ்திக்கா. நாத்தனார்கிட்ட ஒரு தடவையாவது சொல்லிப் பாத்தீங்களா?"

அக்கா காதில் மாட்டியிருந்த இயர்போனை அழுத்திக்கொண்டார். "யாருப்பா நீ? தமிழ் தெரியுமா உனக்கு?"

"புதுசா சேந்திருக்கேன்க்கா. கொஞ்ச நாளாவே கேக்குறேன். சொன்னா நிறுத்திடுவீங்களேன்னு விட்டுட்டேன். எங்க ஷிப்ட்ல எல்லாருக்கும் நான்தான் கதை சொல்றது."

"அடப்பாவி, அங்க உங்களுக்கு வேற வேலையே இல்லையா?"

மறுநாள் அக்கா ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணுவதோடு நிறுத்திக்கொண்டார்.

"சொன்னீங்களாக்கா?"

"ம். சொல்லிட்டேன்."

"இங்க மீட்டர்ல முள்ளே நகரலையே, குரல் அவ்ளோ சின்னதா வருது. சும்மா சொல்றீங்க."

அக்கா என்னை முறைத்தார், நான்தான் போட்டுக் கொடுத்தேன் என்பது போல.

அதற்கு அடுத்த நாள் கூப்பிடுவதற்கு முன்பே மாடிக்கு வந்துவிட்டார்.

"தம்பி, இருக்கியா? நேத்து நிஜமாவே சொல்லிட்டேன். அண்ணி, பிள்ளை படிக்கணும், டிவிய நிறுத்துங்கன்னேன். அவங்க என்ன சொன்னாங்க தெரியுமா? 'நிறுத்திட்டாப் போச்சு. நீ டிவில எப்ப வருவேன்னு மட்டும் சொல்லு, அப்பப் போட்டுக்கறேன்'னாங்க. கேமரா முன்னாடி நிக்கிறேன்னு எப்பவோ சொல்லியிருக்கேன். அதைத் தெரு முழுக்கச் சொல்லி வெச்சிருக்காங்க. நாள் பூரா அதுல என்னைத்தான் தேடிட்டு இருந்திருக்காங்க, தம்பி."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"வரவே மாட்டேன்னு எந்த வாயால சொல்றது? நேரம் எனக்கே தெரியாது, சத்தமில்லாம வெச்சுப் பாருங்க அண்ணின்னுட்டேன்."

செய்தியாளரம்மா படியேறி வந்தார். நான் மைக்கைக் கழற்றி அவருக்கு மாட்டினேன்.

மகள் இப்போது கல்லூரி விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தலைமையகத்துத் தம்பி வேறு வேலைக்குப் போய்விட்டார். நான் செய்தி எழுதும் மேசைக்கு மாறிவிட்டேன். டூப் அக்கா அதே கணக்குப் பிரிவில் இருக்கிறார். நேரலைக்கு முன் மாடியில் நிற்கிறார். லெவலுக்கு எண்களைச் சொல்கிறார். அவர் வீட்டுக் கூடத்தில் எங்கள் சேனல் சத்தமில்லாமல் ஓடுகிறது.