பட்டியலில் விட்ட பெயர்

எண்பதுகளின் கடைசியில், குளிர் தொடங்கிய ஒரு ஐப்பசியில் நடந்தது. லண்டன் பிளேஸ்டோவில் கிழமைக்கு இரண்டு நாள் நடக்கும் பெண்கள் ஆங்கில வகுப்பில் நான் உதவியாளர். பல நாட்டு அரசுகள் சேர்ந்து நடத்தும் ஓர் அமைப்பின் தலைமையகத்தைப் பார்க்கப் போவதென்று முடிவானதும், எல்லா ஏற்பாட்டையும் நானே இழுத்துப் போட்டுக்கொண்டேன். எனக்கு அப்படியொரு முதலாளித்தனம் உண்டு.

வருகிறவர்களின் பெயர், பாஸ்போர்ட் நம்பர் எல்லாம் முன்கூட்டியே வேண்டும் என்றார்கள். பதினொரு பேரில் ஒருவரிடம் மட்டும் பாஸ்போர்ட் இல்லை. மன்னாரிலிருந்து வந்தவர். அகதி வழக்கு முடியாததால் அது குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. வாசலில் ஏதும் கேட்டு அவருக்குச் சிக்கல் வந்தால்? அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமலே பெயரை விட்டுவிட்டேன். நல்லது செய்வதாகத்தான் நினைப்பு. ஆனால் அதை அவரிடம் சொல்லத்தான் வாய் வரவில்லை.

புறப்படும் அன்று காலை எல்லோருக்கும் முதலே ஸ்டேஷனில் நின்றார். கலியாணத்துக்குக் கட்டுகிற பட்டுச்சேலை, அதன்மேல் கணவரின் கோட்டு, கையில் எங்கள் எல்லோருக்கும் கட்லட். எனக்குத் திக்கென்றது. ரயிலில் ஒருவழியாக உண்மையைச் சொன்னேன்.

"என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாமே அக்கா" என்றார். "ஏலாது எண்டால் நான் வெளியிலை நிக்கிறன். நீங்கள் பாத்திட்டு வாங்கோ."

திட்டியிருந்தால்கூட அவ்வளவு வலித்திராது.

வரவேற்பு மேசையில் இருந்த வெள்ளைக்காரப் பெண்மணியிடம், பிழை என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். மன்னார்க்காரர் கைப்பையிலிருந்து, பொலித்தீன் உறையில் மடித்து வைத்திருந்த குடிவரவுக் கடிதத்தை எடுத்து நீட்டினார். பெண்மணி அதை வாசித்தார், யாருக்கோ போன் பண்ணினார். பிறகு பட்டியலின் அடியில் அந்தப் பெயரைத் தானே எழுதி, விருந்தினர் அட்டையைக் கோட்டில் குத்திவிட்டு, "வெல்கம்" என்றார். அவ்வளவுதான்!

உள்ளே மண்டபத்தில் நாங்களெல்லாம் அந்த நாடுகளின் கொடிகளை அண்ணாந்து பார்க்க, அவர் அந்த அட்டையைத் தடவிக்கொண்டு நின்றார்.

"கொடியளைப் பாருமன்" என்றேன்.

"பாக்கிறன் அக்கா. இந்த நாட்டிலை எத்தினை ஒபிசுக்குப் போயிட்டன். 'ஏன் வந்தனீங்கள்' எண்டு கேக்காமல் 'வாங்கோ' எண்டது இங்கைதான்."

சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குத்தான் கண் கலங்கியது. அவ்வளவு பெரிய கட்டிடத்தில் அவரை வரவேண்டாம் என்று சொன்ன ஒரே ஆள் நான்தான். அதன் பிறகு இன்றுவரை, இன்னொருவருக்காக நானே முந்திக்கொண்டு 'ஏலாது' என்று சொன்னதில்லை.