ராசியான ரத்தம்

ஆறுக்குட்டி அண்ணன் ஆடி பிறப்பதற்கு முன்பே போய்விட்டார். கல்லூரி மலரில் அவருக்குக் கால் பக்கம் ஒதுக்கி, "அர்ப்பணிப்பு மிக்க ஊழியர்" என்று அச்சடித்து, எப்போதோ எடுத்த பழைய படம் ஒன்றையும் போட்டார்கள். அவர் எப்படிப் போனார் என்று அதில் ஒரு வரி கிடையாது. அதனால் நான் எழுதுகிறேன். என் பெயர் அம்சவேணி. குன்னூருக்கு மேலே தேயிலைச் சரிவில் இருக்கிற பொறியியல் கல்லூரி ஒன்றில் ஆபீஸ் கிளார்க். அண்ணன் அங்கே இயற்பியல் ஆய்வகத்தில் உதவியாளர். ஊழியர் குடியிருப்பில் அவர் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவே ஒரு சுவர்தான்.

மலையடிவாரத்துச் சிறுமுகைக்காரர். கல்யாணமான கையோடு மலையேறி வந்தவர், அப்புறம் இறங்கவே இல்லை. அவர் மனைவி மகாலட்சுமி பக்கத்து டீ ஃபேக்டரியில் தூள் தரம் பிரிக்கிற வேலை பார்க்கிறாள். பிள்ளைகள் இல்லை. ஆய்வகத்துப் பிள்ளைகளே போதும் என்பார் அண்ணன், அவர்களும் இவரை அண்ணா அண்ணா என்று சுற்றி வருவார்கள்.

ஆய்வகத்தில் அவருக்குத் தனி மரியாதை உண்டு. அறிவுக்காக அல்ல. லேசர் என்றால் என்ன அண்ணா என்று கேட்டால், "செவப்பா வருமுங்க, கண்ணுல பட்டாப் போச்சுங்க" என்பார், அவ்வளவுதான். மரியாதையெல்லாம் கைராசிக்கு. எந்தக் கருவி புதிதாக வந்தாலும் முதல் சுவிட்சை அவர்தான் போட வேண்டும். ஒருமுறை அவர் லீவில் இருந்தபோது வேறு யாரோ போட்டு, அன்று சாயங்காலமே அது புகைந்துவிட்டது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை. ஆனால் அன்றிலிருந்து துறைத்தலைவரே அண்ணன் வரும்வரை கைகட்டிக் காத்திருப்பார். ஒளியின் வேகத்தைக் கரும்பலகையில் எழுதிப் போடுகிற மனிதர்! நான் கேலி செய்வேன். செய்துவிட்டு, எங்கள் வீட்டுக்குப் புது கிரைண்டர் வந்தபோது நானும் அவரைத்தான் கூப்பிட்டேன்.

போன மார்கழியிலேயே அண்ணனுக்கு உடம்பு சரியில்லை. ஆய்வகத்து இரும்பு மேசையை ஒரு முனையில் தனியாகத் தூக்குகிறவர், மாடிப்படி ஏறினால் நடுவில் நின்று மூச்சு வாங்கினார். சட்டை தோளில் தொங்கியது. ஒருநாள் குழாயடியில் மகாலட்சுமி என்னிடம் சொன்னாள்.

"ரெண்டு வாய் சோறு தின்னா வகுறு ரொம்பிப்போச்சுங்கறாரு அம்சா. இந்தக் குளுர்ல நாம போத்திக்கிட்டு நடுங்கறோம், இவரு பனியன் நனைய வேர்த்து எந்திரிக்கறாரு. எனக்குப் பயமா இருக்குது."

"கேஸ்னு சொல்லி மருந்துக்கடை மாத்திரையப் போட்டுக்கிட்டு இருக்காதீங்க. கீழ கூட்டிட்டுப் போய்க் காட்டுங்க" என்றேன்.

கீழே என்றால் எங்களுக்குக் கோயம்புத்தூர். அவளும் ஃபேக்டரியில் லீவு சொல்லி, ஆஸ்பத்திரியில் நாளும் வாங்கிவிட்டாள். அந்த நாளில்தான் எங்கள் கல்லூரியின் சர்வதேச ஆய்வுப் பட்டறை வந்து விழுந்தது. டிஜிட்டல் ஹாலோகிராஃபியும் ஃபோட்டானிக்ஸும் என்று வாசலில் பேனர். ஜப்பான், போலந்து, இத்தாலி என்று வெளிநாட்டு விருந்தாளிகள். அண்ணன் இல்லாமல் ஆய்வகத்தில் ஒரு விளக்குகூட எரியாது என்று துறைத்தலைவர் சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி தள்ளிப் போனது.

பதிவு மேசை என் பொறுப்பு. பை, பேட்ஜ், ஊட்டி வர்க்கி பாக்கெட் எல்லாம் கொடுத்து முடித்துவிட்டு, செய்முறை நடக்கிற ஆய்வகத்துக்கு நானும் போய் நின்றேன். விஷயம் இதுதான். லேசர் ஒளியை இரண்டாகப் பிரிக்கிறார்கள். ஒன்று பார்க்க வேண்டிய பொருளுக்குள் புகுந்து வரும், மற்றது சும்மா வரும். இரண்டும் கேமராவில் சேருகிற இடத்தில் கோடுகோடாக விழுவதைக் கம்ப்யூட்டர் கணக்குப் போட்டு, பொருளின் மேடு பள்ளத்தோடு படமாக்கித் தருகிறது. சாயம் ஏற்ற வேண்டாம், எதுவும் வேண்டாம். அன்றைக்குப் பார்க்கப்போன பொருள் ஒரு சொட்டு மனித ரத்தம்.

செய்முறையை நடத்தியது ஷண்முகப்ரியா என்கிற ஆராய்ச்சி மாணவி. கெட்டிக்காரப் பெண், ஆனால் பயாலஜி பக்கம் தலைவைத்தும் படுக்காதவள். முதலில் தன் விரலையே குத்திக்கொண்டாள். திரையில் சிவப்பணுக்கள் வந்தன, நடுவில் அமுங்கின பணியாரம் மாதிரி. போலந்திலிருந்து வந்த அம்மாவுக்கு அது போதவில்லை. உருண்டையாக, உள்ளே கட்டமைப்போடு தெரியும் வெள்ளையணுதான் படத்துக்கு அழகு என்றார். ஷண்முகப்ரியா தேடினாள், தேடினாள், ஒன்றே ஒன்று மூலையில் அகப்பட்டது. இன்னும் இரண்டு மாணவர்கள் விரல் நீட்டினார்கள். அதே கதை. விருந்தாளிகள் கடிகாரம் பார்க்க ஆரம்பித்தார்கள்.

"நம்ம ஆறுக்குட்டியக் கூப்பிடுங்க. அவரு கைபட்டாத்தான் வேலை நடக்கும்" என்றார் துறைத்தலைவர். எல்லாரும் சிரித்தார்கள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விரலை நீட்டினார்.

திரை நிறைந்துவிட்டது. எந்தப் பக்கம் நகர்த்தினாலும் உருண்டை உருண்டையாக, பெரிது பெரிதாக, ஒட்டி ஒட்டி நின்றன. போலந்து அம்மா எழுந்தே நின்றுவிட்டார். கணக்குப் போட்டு முப்பரிமாணப் படம் சுழன்று வந்ததும் அறையே கைதட்டியது. நானும் தட்டினேன். அண்ணன் வெட்கத்தோடு எல்லாருக்கும் கும்பிடு போட்டார்.

"அண்ணா, உங்களுது ராசியான ரத்தம்ணா" என்றாள் ஷண்முகப்ரியா.

ஏன் இந்த ஒரு மனிதருக்கு மட்டும் இப்படி என்று அந்த அறையில் ஒருவர் கேட்டிருக்க வேண்டாமா? ஒருவர் கேட்கவும் கேட்டார். போலந்து அம்மா மெல்லிய குரலில், இவர் நல்ல ஆரோக்கியமான ஆள்தானே என்றாராம். துறைத்தலைவர், இந்த மேசையை ஒற்றையாளாகத் தூக்குவார் என்று பெருமையாகச் சொல்லியிருக்கிறார். அத்தோடு முடிந்தது. இதை ஷண்முகப்ரியாதான் பிறகு என்னிடம் அழுதுகொண்டே சொன்னாள். அந்த அம்மா ஒளியைப் படித்தவர். ரத்தம் அவருக்கு ஒளி நுழைந்து வரும் ஒரு பொருள், அவ்வளவுதான். அவரை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் ஆட்களைச் சொல்வேன். இத்தனை கருவி, இத்தனை கணக்கு, கடைசியில் காரணம் தேட வேண்டிய இடத்தில் கைராசி என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டார்கள். படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்று சும்மாவா சொன்னார்கள்?

பட்டறை முடிகிற வரைக்கும் தினமும் அண்ணன் விரல்தான். நிறைவு விழாவில் மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தி, அவருடைய ரத்த அணுக்களின் படத்தைக் கண்ணாடிச் சட்டம் போட்டு அவருக்கே பரிசாகக் கொடுத்தார்கள். நீலமும் மஞ்சளுமாகப் பார்க்க அழகாகவே இருந்தது. வீட்டில் முருகன் படத்துக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார்.

விருந்தாளிகள் போன கையோடு மகாலட்சுமி ஆரம்பித்தாள். அப்போது நானும் அவர்கள் வீட்டில் இருந்தேன்.

"ஏனுங்க, இந்த வாரம் கீழ போயிட்டு வந்தர்லாமுங்க. மறுபடி லீவு கேட்டுப்போட்டேன்."

"எதுக்கு புள்ள? போனா என்ன பண்ணுவாங்க? ரத்தம் எடுத்துப் பாப்பாங்க. அதையத்தான் நித்தமும் எடுத்துப் பாத்தாச்சே."

"அது வேறயுங்க, இது வேறயுங்க."

"என்ன வேற? கண்ணுக்கே தெரியாததைத் தாம்பாளமாட்டப் பெருசாக்கிப் பாத்தாங்க. கோயமுத்தூர்ல அந்த மிசினு இருக்குதா? அத்தன தேசத்துப் படிச்சவீக ஒக்காந்து பாத்தாங்களே, ஒரு கோளாறுன்னா ஒருத்தராச்சும் சொல்லியிருக்க மாட்டாங்களா? கை தட்டுனாங்க புள்ள. நீயே கேளு, அம்சவேணியும் இருந்துச்சே!"

வெளுத்ததெல்லாம் பால் என்று நம்புகிற மனிதர்தான். ஆனால் யோசித்துப் பாருங்கள், அந்தப் பேச்சில் எங்கே ஓட்டை? அன்று எனக்கு எதுவும் தென்படவில்லை. மகாலட்சுமி லீவை ரத்து செய்துவிட்டு ஃபேக்டரிக்குப் போனாள்.

சித்திரையில் ஊட்டிக்கு சீசன் கூட்டம் ஏறிக்கொண்டிருந்தபோது அண்ணனுக்கு வயிற்றின் இடப்பக்கம் கல் வைத்தது போலக் கெட்டியாகிவிட்டது. கேட்டால் கேஸ் என்பார். வைகாசியில் பல் விளக்கும்போது ரத்தம் வந்தது. மகாலட்சுமி கெஞ்சினாள், திட்டினாள், சாப்பிடாமல் படுத்துப் பார்த்தாள். அவர் சுவரில் இருக்கிற படத்தைக் கைகாட்டுவார். ஆனி மழையில் ஒரு காலை ஆய்வகத்துப் படியில் மயங்கி விழுந்தார். டாக்ஸி பிடித்து நாங்கள் இரண்டு பேரும் அவரைக் கீழே கொண்டுபோனோம். மலைப்பாதையில் பர்லியாறு தாண்டும்வரை அவருக்கு நினைவு வரவும் போகவுமாக இருந்தது.

கிளம்புகிற அவசரத்திலும் மகாலட்சுமி ஒன்றை மறக்கவில்லை. அந்தச் சட்டம் போட்ட படத்தைச் சேலையில் சுற்றி எடுத்து வந்திருந்தாள். ரத்தப் பரிசோதனை முடிந்து, ரத்தப் புற்றுநோய், முற்றிவிட்டது என்று டாக்டர் எங்களிடம் சொன்னதும், அவள் அழவில்லை. படத்தைப் பிரித்து மேசைமேல் வைத்தாள்.

"டாக்டருங்க, இது அவரு ரத்தம் நல்லா இருந்தப்ப எடுத்ததுங்க. எங்க காலேஜுல வெளிநாட்டுக்காரங்க எடுத்தாங்க. இதையும் அதையும் வெச்சுப் பாத்தா எப்பக் கெட்டுச்சுன்னு தெரியுமுங்களா?"

டாக்டர் இளைஞர். படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். பிடித்தபடியே இருந்தார்.

"இது எப்ப எடுத்ததுங்கம்மா?"

"தை மாசமுங்க."

"இந்த உருண்டையா இருக்கறதெல்லாம் வெள்ளையணு. ஒரு படத்துல இத்தனை இருக்கவே கூடாது. அப்பவே இருந்திருக்கும்மா. யாருமே சொல்லலியா?"

நான்தான் கேட்டேன். "அப்பவே வந்திருந்தா?"

"தினமும் மாத்திரை போட்டுட்டு வேலைக்கே போயிருக்கலாம். நிறையப் பேர் அப்படி இருக்காங்க" என்றார். பிறகு, ஏன் சொன்னோம் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டு, "இவ்வளவு தெளிவா எடுத்திருக்காங்களே" என்று தனக்குத்தானே முணுமுணுத்தார்.

எனக்கு வந்த கோபத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுவது என்று தெரியவில்லை. இன்றைக்கும் தெரியவில்லை. ஷண்முகப்ரியா ஒருநாள் ஆஸ்பத்திரிக்கு வந்து, வார்டு வாசலிலேயே நின்று அழுதுவிட்டு, உள்ளே வரப் பயந்து திரும்பிப் போனாள். துறைத்தலைவர் பழம் கொடுத்தனுப்பினார்.

கடைசி வாரத்தில் ஒரு சாயங்காலம் அண்ணனுக்கு நல்ல தெளிவு. மகாலட்சுமியைக் கிட்டே வரச் சொல்லிக் கேட்டார்.

"அந்தப் படத்த டாக்டருகிட்டக் காட்டுனியா?"

"காட்டுனேனுங்க."

"என்ன சொன்னாரு?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

"இத்தன தெளிவா எடுத்திருக்காங்களேன்னு ஆச்சரியப்பட்டாருங்க."

அண்ணன் முகம் மலர்ந்துவிட்டது. எலும்பும் தோலுமாகக் கிடந்த அந்த முகத்தில் அந்தச் சிரிப்பைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை. அதே நேரம் ஊசியும் குழாயுமாக நர்ஸ் வந்து நின்றாள். கையெல்லாம் ஏற்கெனவே கன்னிப்போயிருந்தது, எங்கே குத்துவது என்று தயங்கினாள். அண்ணன் தானே கையை நீட்டினார்.

"எடுத்துக்க கண்ணு, பயப்படாத. நம்முளுது ராசியான ரத்தம்."

"சரிங்கப்பா" என்று அந்தப் பெண் சிரித்துக்கொண்டே குத்தினாள். மகாலட்சுமி எழுந்து வராந்தாவுக்குப் போய், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.