பின்வரிசைக்குக் கேட்கும் குரல்

எங்கள் ஊர் வரலாற்றுக் கழகத்தில் எனக்கும் ஒரு பதவி உண்டு. அதற்குப் பெயர் கிடையாது. செய்யும் வேலையை வைத்துச் சொன்னால், ஒலிபெருக்கி. காலமெல்லாம் பஸ் கண்டக்டராக இருந்து, "உள்ள போங்க, உள்ள போங்க" என்று கத்தியே பென்ஷன் வரை வந்தவன் நான். வரலாற்றில் எனக்குத் தெரிந்ததெல்லாம், பள்ளியில் அந்தப் பாடத்தில் வாங்கிய மதிப்பெண்ணை வீட்டில் மறைத்த வரலாறு மட்டும்தான்.

கழகம் இருப்பது சைக்கிள் கடைக்கு மேல்மாடியில். மாதத்தின் முதல் ஞாயிறு சொற்பொழிவு. வருகிறவர்களைவிட நாற்காலிகள் அதிகம். பேச்சாளர் மனம் கோணக்கூடாதே என்று, கீழே பஞ்சர் ஒட்டிக்கொண்டிருப்பவரைக் கெஞ்சிக் கூத்தாடி மேலே கூட்டிவந்து உட்கார வைப்போம். வருடத்துக்கு ஒரு முறை, வீடுகளில் கிடக்கும் பழைய பூட்டுகளின் கண்காட்சி. போன முறை ஒரு பூட்டு எப்படி வேலை செய்கிறது என்று காட்டுகிறேன் பேர்வழி என்று கழகத்தின் அலமாரியையே பூட்டிவிட்டேன். அது இன்னும் திறந்தபாடில்லை. கூட்டம் சேர்வது மூன்றாம் ஞாயிறு நடக்கும் தெரு உலாவுக்கு மட்டும்தான். பழைய கட்டடங்களின் முன் நின்று அவற்றின் கதையைச் சொல்வோம். சொல்வது தலைவி, கத்துவது நான்.

தலைவியை எல்லோரும் டீச்சர் என்றுதான் கூப்பிடுவோம். தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அவர் குரல் வெறும் முணுமுணுப்பாகிவிட்டது. அதனால் எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. அவர் ஒரு வாக்கியம் முணுமுணுப்பார். பக்கத்தில் காதை நீட்டிக்கொண்டு நிற்கும் நான் அதைத் தெருக்கோடிக்குக் கேட்கும்படி முழங்குவேன். எனக்குப் பொருள் புரிய வேண்டிய அவசியமில்லை. காதில் ஏறியது வாயில் இறங்கிவிடும். நடுவில் மூளை என்றொரு ஸ்டாப் இருக்கிறது, அங்கே என் வண்டி நிற்காது. ஆலையில்லா ஊருக்கு இலுப்பைப்பூ சர்க்கரை என்பார்கள். மைக் இல்லாத கழகத்துக்கு நான்.

அந்த மைக்கைத்தான் என் மகள் வாங்கிக்கொண்டு வந்தாள்.

அவள் வெளியூரில் வேலை பார்க்கிறாள். சின்ன வயதில் பள்ளிக்கூட வாசலில் நின்று நான் அவள் பெயரைக் கூப்பிட்டால் அடுத்த தெருவில் போகிறவர்களும் திரும்பிப் பார்ப்பார்கள். அவள் மட்டும் திரும்ப மாட்டாள். வீட்டுக்கு வந்து, "அப்பா, மெதுவா" என்பாள். இன்றைக்கும் எங்கள் பேச்சில் பாதி அதுதான்.

"எதுக்குப்பா இப்படித் தொண்டை கிழியக் கத்தறீங்க? டீச்சர் இதை மாட்டிக்கிட்டுப் பேசினாப் போதும். கழகத்துக்கு என் நன்கொடை," என்று சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒரு மைக்கையும் அதோடு வந்த ஸ்பீக்கர் பெட்டியையும் காட்டினாள்.

"நல்ல சாமான்மா," என்றேன். என்னைக் கறிவேப்பிலையாகத் தூக்கிப் போட வெளியிலிருந்தா ஆள் வரவேண்டும்? பெற்ற பெண்ணே பெட்டியோடு கிளம்பிவிட்டாள். கழகமும் இல்லையென்றால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் குழாய் சொட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

மூன்றாம் ஞாயிறு உலா கிளம்பும் முன் டீச்சர் அந்த மைக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னைக்கு வழக்கம்போல நடக்கட்டும். முடிவுல சொல்றேன்," என்று முணுமுணுத்தார். பழக்கதோஷம், அதையும் முழங்கிவைத்தேன்.

கடைசி உலாவாக இருந்தாலும் ஒரு கை பார்த்துவிடுவது என்று கிளம்பினேன். வங்கி வாசலில், "இது முதல்ல குதிரை லாயமா இருந்துச்சு!" என்றேன். கூரையில் இருந்த புறாக்கள் மொத்தமாகப் பறந்தன. தபால் நிலையத்தின் முன் நின்று, "என் செருப்பு வார் அறுந்துபோச்சு!" என்றேன். கூட்டம் பயபக்தியோடு கட்டடத்தை அண்ணாந்து பார்த்தது. ஒருவர் அதைக் குறித்துக்கொண்டார். டீச்சர் என் கையைக் கிள்ளியபோதுதான் அது அவர் செருப்பு என்று விளங்கியது. என் மகள் முகத்தைக் கையால் மூடிக்கொண்டாள். முடிந்தது என் கதை என்று நினைத்துக்கொண்டேன்.

பழைய தண்ணீர்த் தொட்டியோடு உலா முடியும். அங்கே டீச்சர் என் மகளைப் பக்கத்தில் அழைத்து ஏதோ முணுமுணுத்தார். என் காது நீண்டது.

"இது நமக்குள்ளயே இருக்கட்டும்மா!" என்று முழங்கினேன். கூட்டம் இன்னும் நெருங்கி வந்தது.

டீச்சர் சிரித்தார், ஆனால் நிறுத்தவில்லை. நானும் நிறுத்தவில்லை.

"மைக் ரொம்ப நல்லா இருக்கு!"

என் சீட்டை நானே கிழித்தேன். வாய் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"ஆபரேஷனுக்கு அப்புறம் நான் கதவைச் சாத்திக்கிட்டு வீட்டுலயே உட்கார்ந்துட்டேன்! நீங்க முணுமுணுங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்னு வந்து நின்னது உங்கப்பாதான்!"

யார் அந்த நல்ல மனிதர் என்று கூட்டத்தோடு சேர்ந்து நானும் ஒரு கணம் யோசித்தேன். பிறகுதான் உறைத்தது. டீச்சர் அடுத்த வாக்கியத்தை முணுமுணுத்தார். வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது. எத்தனை நெரிசலிலும் மக்கர் பண்ணாத தொண்டை அது. கண்ணில் வேறு தண்ணீர்.

"கேக்கலீங்க!" என்றார்கள் பின்னால் இருந்தவர்கள்.

என் மகள் என்னைப் பார்த்தாள். பிறகு மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டாள்.

"மைக்கைச் சொற்பொழிவுக்கு வச்சுக்கறோம்! தெருவுல எனக்கு இவர் குரல்தான் வேணும்!"

அப்போதுதான் வந்து உட்கார்ந்த புறாக்கள் மறுபடி பறந்தன. எதிர்வீட்டு ஜன்னல் ஒன்று திறந்தது. அப்படியே என் தொண்டை! இத்தனை வருடம் அதை எங்கே வைத்திருந்தாளோ. அவளுக்கே தூக்கிவாரிப் போட்டிருக்க வேண்டும், வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு!" என்றது பின்வரிசை.

நான் அவள் தோளைத் தொட்டேன். எனக்கு மிச்சமிருந்த குரலில் சொன்னேன்:

"மெதுவாம்மா."