வீரையாவைத் தவிர

ஆண்டவருடைய பிள்ளைகளே, என்னை அறிந்தவர்கள் இதை வாசிக்கும் முன்பே சிரிப்பீர்கள். கேலிக்கார ஆசீர்வாதமா சாட்சி எழுதுகிறான் என்று கேட்பீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை. எழுதுகிற எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சென்ற ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மனைவி எஸ்தர் பிரசவ வலியில் துடித்தாள். விடியலில் எடுத்த வலி. மத்தியானமாகியும் பிள்ளை இறங்கவில்லை. வெளியே மஸ்கெலியா மழை. மண் சரிந்து பாதை மூடியதால் தேயிலைத் தோட்டத்து லொறி வராது. மருத்துவிச்சி வேறு டிவிசனில் மாட்டிக்கொண்டாள். சபையார் எல்லாரும் கீழ் டிவிசனுக்கு ஆராதனைக்குப் போயிருந்தீர்கள். எஸ்தரின் உதடு வெளுத்துக்கொண்டே வந்தது. அவளை விட்டு வெளியே ஓடவும் பயம், பக்கத்தில் இருக்கவும் பயம்.

பக்கத்துக் காம்பிரா வீட்டில் ஆள் இருந்தது. வீரையாவும் அவன் மனைவி பொன்னம்மாவும். ஆனால் நான் கூப்பிடவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

தோட்டத் தமிழரான நம் ஓட்டுரிமையைப் பறித்தவர்கள் என் வாயைப் பறிக்காமல் விட்டுவிட்டார்கள். மாரியம்மன் திருவிழாவுக்குப் பொன்னம்மா ஆசையாகப் பொங்கல் கொண்டுவந்தபோது, "எங்க வீட்டுல பல்லிகூட வேதக்காரன்தான் தங்கச்சி, இதைத் திங்காது" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தேன். அதோடு விட்டேனா? வரிசையாக ஒட்டிக் கட்டிய நம் லயத்துச் சுவர்கள் கூரை வரைக்கும் போவதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். இந்தக் காம்பிராவில் இருமினால் அந்தக் காம்பிராவில் கேட்கும். நான் தினமும் சாயந்தரம் சுவர்ப் பக்கமாக முழங்கால் போட்டு, "கர்த்தாவே, பக்கத்து வீட்டு இருளை நீக்கும்! வீரையாவின் கண்களைத் திறந்தருளும்! பொன்னம்மாவின் பிடிவாதத்தை உடைத்தருளும்!" என்று முழங்குவேன். மறுபக்கத்து வாலிபர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். வீரையா வீட்டில் மட்டும் சத்தமே இருக்காது. நன்றாகச் சுட்டுவிட்டது என்று எனக்குக் கொண்டாட்டம். ஜெபத்தைக் கவண்கல்லாக வைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கும் அதே இடத்தில்தான் முழங்கால் போட்டேன். "ஆண்டவரே, யாரையாவது அனுப்பும்! என் எஸ்தர் செத்துப்போவாள்!" என்று கதறினேன். மனதுக்குள் மட்டும், 'வீரையாவைத் தவிர' என்று சேர்த்துக்கொண்டேன். அவன் முகத்தில் எப்படி முழிப்பது? மனைவி சாகக் கிடக்கும்போதும் மானம் பார்த்த மடையன் நான்.

ஆமென் சொல்லவில்லை. அதற்குள் சுவருக்கு மேலாகக் குரல் வந்தது.

"அண்ணே, நீங்க கூப்பிடுவீங்கன்னு காலையிலருந்து பாக்குறோம், சாமிக்கிட்ட அப்பறம் பேசிக்கலாம். கதவைத் தொறங்க!"

வீரையாதான்.

பொன்னம்மா நனைந்தபடி உள்ளே வந்து எஸ்தரின் வயிற்றைத் தொட்டாள். "புள்ள குறுக்க கெடக்கு. இங்க வச்சிருந்தா ரெண்டும் போயிரும். தூக்குங்க!" வீரையா தன் தம்பிமார்களைக் கூட்டி வந்தான். கம்பளியைத் தூளியாகக் கட்டி, மூங்கிலில் மாட்டி, தேயிலை மலைக் குறுக்குப் பாதையில் இறங்கினார்கள். நானும் தோள் கொடுத்தேன். வழுக்கி இரண்டு தரம் விழுந்ததும், "அண்ணே, நீங்க சும்மா வந்தாலே பெரிய ஒத்தாசை" என்று வீரையா என்னை விலக்கிவிட்டான். பொன்னம்மா வழியெல்லாம் எஸ்தரின் கையை விடவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், இன்னும் சற்றுப் பிந்தியிருந்தால் தாயும் இல்லை, பிள்ளையும் இல்லை என்றார். எனக்குப் பெண் பிள்ளை பிறந்தது. கர்த்தருக்குத் தோத்திரம்.

வீடு திரும்பியதும் வீரையா வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.

"அட என்னாண்ணே நீங்க! எங்க அப்பன் ஆத்தா போனதுக்கப்புறம் எங்க பேரைச் சொல்லி ஒரு சாமிக்கிட்ட கேட்டது நீங்க மட்டுந்தான். சாயந்தரம் நீங்க ஆரம்பிச்சா, இவ அடுப்படியில சட்டிகூட உருட்ட மாட்டா."

பொன்னம்மா சிரித்தாள். "அந்தப் பல்லியை மட்டும் மறக்க மாட்டேன். பொல்லாத ஆளுண்ணே நீங்க."

என் தலை மண்ணில் புதைந்துவிடாதா என்றிருந்தது. அவர்கள் மௌனமாக இருந்தது கோபத்தினால் அல்ல, பக்தியினால்! பேசாமல் திரும்பியிருக்கலாம். முடியவில்லை. "அது கேலிக்குச் செஞ்சது தங்கச்சி. பையன்க சிரிக்கணும்னு செஞ்சேன்" என்றேன்.

பொன்னம்மாவின் சிரிப்பு நின்றது. உள்ளே போய்விட்டாள். வீரையாதான் சொன்னான்: "நீங்க கேலியா சொன்னாலும், அவரு கேலியாவா கேட்டிருப்பாரு?"

எந்தப் பிரசங்கத்திலும் நான் அப்படி அழுததில்லை.

பிரியமானவர்களே, ஆபத்தில் அவரைக் கூப்பிடுங்கள். நிச்சயம் கேட்பார். ஆனால் யாரை அனுப்புவது என்று அவருக்குச் சொல்லிக்கொடுக்காதீர்கள். நான் சொல்லிக்கொடுத்தேன், அவர் என் வாய் சொன்னதைக் கேட்டார், மனம் சொன்னதைத் தள்ளிவிட்டார்.

பொன்னம்மா இப்போது எஸ்தரோடு பேசுகிறாள். என்னோடு இன்னும் பேசவில்லை, அது நியாயம்தான். இந்த மழையில் அவளுக்குக் கால் வீங்கி, மலைக்குக் கொழுந்து பறிக்கப் போக முடியாமல் படுத்திருக்கிறாள். வருகிற ஞாயிறு அவளுக்காக ஜெபியுங்கள் என்று கேட்கவே இதை எழுதினேன். பெயர் பொன்னம்மா, மேல் டிவிசன். இந்த முறை உண்மையாகவே கேட்கிறேன்.