கோடை விழாவில் பாதியில் நின்ற பாட்டு

அந்த மைக்குக்கு ஒரு வாசனை உண்டு. துரு, இருமல் மிட்டாய், எனக்கு முன்னால் பாடியவரின் எச்சில்... எல்லாம் கலந்த வாசனை. உதடு பட்டால் லேசாக ஷாக் அடிக்கும். இருந்தும் ஞாயிற்றுக்கிழமை எப்போது வரும் என்று வாரம் முழுக்கக் காத்திருப்பேன்.

2010, மே மாதம். சிதம்பரத்தில் ஒரு பூங்கா. ஞாயிறுதோறும் சாயங்காலம் கோடை இசை விழா, அனுமதி இலவசம். பேனரில் 'இலவசம்' என்ற எழுத்தைவிட விழா நடத்திய தலைவரின் மீசை பெரிதாக இருக்கும்.

கடலூர் முதுநகரிலிருந்து வந்த லைட் மியூசிக் குழுவில் நான் புதுப் பாடகி. மற்ற நாட்களில் சிதம்பரத்திலேயே துணிக்கடை வேலை. காலையிலிருந்து இரவு வரை நிற்க வேண்டும். சுவரில் சாய்ந்தால்கூடத் திட்டுவார்கள். மேடையிலும் நின்றுகொண்டுதான் பாடினேன்... ஆனால் அங்கே கால் வலித்ததே இல்லை.

குழுவை நடத்தியவர் கீபோர்டு வாசிப்பவர். எல்லாருக்கும் அவர் மாஸ்டர். முதல் நாளே எனக்குச் சட்டம் சொல்லிவிட்டார்.

"தோ பாரு விஜி, தலைவரு காரு வந்தா நான் கையத் தூக்குவேன். எந்த வரியில இருந்தாலும் நிறுத்திடணும். மாலை, பொன்னாட, அப்பறம் ரெண்டு வார்த்த பேசுவாரு. அத்தோட அந்தப் பாட்டு அவ்ளோதான்."

அந்த ரெண்டு வார்த்தை அரை மணி நேரம் ஓடும்.

எனக்கு வாரம் ஒரு பாட்டு. முதல் வாரம் பல்லவியோடு நின்றது. அடுத்த வாரம் முதல் சரணத்தில். அதற்கடுத்த வாரம் பேச்சு நீண்டு என் முறையே வரவில்லை. ரிதம் பேட் வாசிக்கும் ஆரோக்கியம் அண்ணன் சிரித்தார்.

"இதுக்கே மூஞ்சத் தூக்குறியே... கல்யாணம், காதுகுத்து, கட்சி மீட்டிங்கு, எல்லாத்துலயும் நான் பாதிதான் வாசிக்கிறேன். எந்தப் பாட்டு எப்புடி முடியும்னே மறந்துபோச்சு."

எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசி ஞாயிறு. குமராட்சிப் பக்கமிருந்து அம்மா மினிபஸ் ஏறி வந்திருந்தாள். வயல் வேலைக்குப் போகிறவள். நான் மேடையில் பாடி அவள் கேட்டதே இல்லை. ஊருக்குத் திரும்பக் கடைசி மினிபஸ் ஒன்றுதான். நான் தங்கியிருந்த கடை விடுதியில் வெளியாளைச் சேர்க்க மாட்டார்கள். பஸ்ஸை விட்டால் பஸ் ஸ்டாண்டில்தான் படுக்க வேண்டும்.

முன்வரிசையில் வெள்ளைத் துணி போட்ட நாற்காலிகள் காலியாக இருந்தன. அம்மா ஒன்றில் உட்கார்ந்தாள். சட்டையில் பேட்ஜ் குத்திய ஒருவன் ஓடி வந்தான்.

"எந்திரிம்மா. அது வி.ஐ.பி. சேரு."

"ஆளே இல்லியேப்பா?"

"வருவாங்க."

"வந்தா எந்திரிச்சிக்கிறேன்."

"வெளாடுறியா? கயித்துக்கு அந்தாண்ட போ."

அம்மா கயிற்றைத் தாண்டிப் போய்த் தரையில் உட்கார்ந்தாள். நாற்காலிகள் காலியாகவே இருந்தன. மேடையிலிருந்து எல்லாம் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

"மாஸ்டர், என்ன மொதல்ல வுடுங்க. அம்மாவுக்கு பஸ்ஸு இருக்கு."

"ஆரம்பத்துலயே ஸ்லோ சாங் போட்டா கூட்டம் நிக்காதும்மா. கொஞ்சம் இரு."

இருந்தேன். ஒவ்வொரு பாட்டுக்கும் வாசலைப் பார்த்தேன். ஒரு ஹாரன் கேட்டாலும் மாஸ்டரின் கையைப் பார்த்தேன்.

என் முறை வந்தது. பல்லவி தாண்டியது. முதல் சரணம் தாண்டியது. வாசல் அமைதியாக இருந்தது. முன்னால் இருந்த தலைகள் மறைத்ததால் அம்மா முட்டி போட்டு எட்டிப் பார்த்தாள். இரண்டாவது சரணம் எடுத்தேன்...

வெளியே சரவெடி வெடித்தது.

மாஸ்டர் கையைத் தூக்கினார். பேட் நின்றது. கிடார் நின்றது. நான் நிறுத்தவில்லை. மாஸ்டர் கையை இன்னும் உயர்த்தினார். நான் அம்மாவைப் பார்த்துப் பாடிக்கொண்டிருந்தேன். மைக் செத்தது. யாரோ ஒயரைப் பிடுங்கிவிட்டார்கள். வெறும் தொண்டையில் பாடினேன். வெடிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதற்குள் மாலையோடு ஏறியவர்கள் என்னை ஓரமாகத் தள்ளிவிட்டார்கள்.

தலைவர் பேசினார். "ஏழை எளிய மக்களும் காசில்லாம பாட்டு கேக்கணும்ங்கறதுதான் என் கனவு..." அவரோடு வந்தவர்களால் நிறைந்துவிட்ட முன்வரிசை கை தட்டியது.

அம்மா மேடைக்குப் பின்னால் வந்தாள். மாஸ்டரும் வந்தார். சட்டை முழுக்க வியர்வை. கோபத்தைவிட முகத்தில் பயம்தான் அதிகம். அடுத்த வருட நிகழ்ச்சி அவர் கண்முன் நின்றிருக்கும்.

"என்ன விஜி இப்புடிப் பண்ணிட்ட? தலைவரு பாத்துட்டாரு. அவரு எறங்கினதும் வணக்கம் வச்சி, தெரியாமப் பாடிட்டேன் மன்னிச்சிடுங்கன்னு சொல்லிடு. அதே பாட்ட முழுசாக் குடுக்குறேன். அம்மாவும் கேட்டுட்டுப் போவட்டும்."

அம்மாவைப் பார்த்தேன். அந்த ஒரு பாட்டுக்காக வந்தவள். சொன்னால் கேட்டுவிட்டுப் போவாள். சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

அம்மா முந்திக்கொண்டாள். "பாடுனதுக்கா மன்னிப்பு?"

"ஒரு வார்த்ததானக்கா..."

அம்மா பையைத் தோளில் மாட்டினாள். "வா விஜி. பஸ்ஸு போயிடும்."

பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தோம். வழி முழுக்கக் குழாய் ஸ்பீக்கரில் அவர் பேச்சு கூடவே வந்தது. மினிபஸ்ஸில் ஏறி, ஜன்னல் வழியாகக் கேட்டாள்.

"இன்னும் எவ்ளோ பாக்கி இருந்துச்சு?"

"நாலு வரிம்மா."

"ம்..." என்றாள். வண்டி கிளம்பிவிட்டது.

மாஸ்டர் அதற்குப் பிறகு கூப்பிடவில்லை. நானும் வேறு குழு தேடவில்லை. சென்னைக்கு வேலைக்கு வந்துவிட்டேன்.

இப்போது பாட்டு இன்னும் இலவசம். போனில் கொட்டிக் கிடக்கிறது. ஆபீஸ் வேனில் பக்கத்துச் சீட்டுப் பெண் பல்லவி முடிவதற்குள் அடுத்த பாட்டுக்குத் தள்ளிவிடுகிறாள். எந்தக் காரும் வரவில்லை, யாரும் கையைத் தூக்கவில்லை... நாமே வெட்டிக்கொள்கிறோம். எனக்கு மட்டும் அது வருவதில்லை. எவ்வளவு மட்டமான பாட்டானாலும் முடியும்வரை கேட்டுத் தொலைக்கிறேன்.

மேடையில் நான் ஒரு பாட்டை முடித்து அம்மா கேட்டதில்லை. ஊருக்குப் போகும்போது சமையலறையில் பாடச் சொல்வாள். பாடுவேன். அது வேறு.

ஆனால் பாடியதற்காக நான் ஒருவனிடம் மன்னிப்புக் கேட்டதையும் அவள் கேட்டதில்லை.