கடைசியாக எடுத்த சம்பளம்

என் பழைய கைப்பையின் உள்ளறையில் அந்தச் சம்பளச் சிட்டை இன்னும் கிடக்கிறது. ஆனி மாதம், ஆயிரத்து நூற்றைம்பது ரூபா. எண்பத்து மூன்றாம் ஆண்டுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து கப்பலில் வந்து காங்கேசன்துறையில் இறங்கியபோது என்னிடம் இருந்தவை அந்தப் பையும் உடுத்திருந்த சேலையும்தான். ஆடிச் சம்பளம் எடுக்க முதலே நான் வேலை பார்த்த கந்தோரை எரித்துவிட்டார்கள். அழுதேனா என்று கேட்டால் நினைவில்லை. அழுதிருக்க வேண்டும்.

வீட்டில் அப்பாவின் பென்சன் மட்டும். எனக்குக் கீழே படிக்கிற தங்கச்சிமார் இருவர். எனக்கு எப்படியும் ஒரு வேலை வேண்டும். முதல் நேர்முகம் யாழ்ப்பாணத்தில் ஒரு இரும்புக்கடையில். வெளிக்கிடும்போது அப்பா சொன்னார்: "கடைசியா எவ்வளவு எடுத்தனீ எண்டு கேப்பினம். ஒரு முந்நூறு கூட்டிச் சொல்லு, பிள்ளை." அவரைக் குறை சொல்ல மாட்டேன். எங்கள் பக்கத்தில் ஒருவரின் சம்பளத்தை வாய்விட்டுக் கேட்பது கலியாணப் பேச்சில்தான். மாப்பிள்ளையின் சம்பளத்தைக் கூட்டிச் சொன்னவர்களைக் கண்டிருக்கிறேன், குறைத்துச் சொன்ன ஒருவரையும் கண்டதில்லை. நானும் கூட்டியே சொன்னேன். முதலாளி சிரித்தார். "உவ்வளவு தர எங்களாலை ஏலாது. கொழும்பு அடங்கினவுடனை நீர் திரும்பிப் போயிடுவீர்." தேத்தண்ணி தந்துதான் அனுப்பினார்.

இரண்டாவது, உடுப்பிட்டியில் ஒரு கூட்டுறவுச் சங்கம். உள்ளே நிர்வாகசபையினர் கூடியிருந்தார்கள். அவர்களிடம் விட முதல் மனேச்சர் பத்திரங்களைச் சரிபார்த்தார். மெலிந்த மனிதர், மூக்குக்கண்ணாடியின் ஒரு காலை நூலால் கட்டியிருந்தார். இந்த முறை பொய் வேண்டாம் என்று சிட்டையையே மேசையில் வைத்தேன். நெடுநேரம் பார்த்தார். பிறகு, பின்பக்கத்திலும் ஏதோ எழுதியிருக்கும் என்பதுபோல் திருப்பிப் பார்த்தார்.

"உது என்ரை சம்பளத்தை விடக் கூட, பிள்ளை" என்றார். கோபமில்லை, பொறாமையும் இல்லை. "உள்ளுக்கை இருக்கிற ஆக்கள் உதைக் கண்டால் வேலை தராயினம். அறுநூறு எண்டு சொல்லும். சிட்டையை உள்ளுக்கை வையும்."

"பொய்யெல்லோ, ஐயா?"

"ஓம், பொய்தான்."

அறுநூறு என்றேன். அவர்கள் அறுநூற்றைம்பது தருவதாகச் சொன்னார்கள். ஐம்பது ரூபா கூட்டித் தந்து ஒரு அகதிப் பிள்ளையைக் கைதூக்கி விட்ட திருப்தி எல்லாருடைய முகத்திலும் தெரிந்தது. நான் நன்றி சொன்னேன். வீட்டுக்கு வந்து அப்பாவிடம் தொகையைச் சொன்னபோது அவர் எழும்பிக் கிணற்றடிக்குப் போனார். கால் கழுவ அவ்வளவு நேரம் வேண்டியதில்லை.

வேலை கிடைத்தது, தங்கச்சிமார் படித்தார்கள். ஆனால் ஒவ்வொரு வருட உயர்வும் அந்த அறுநூறைப் பிடித்துக்கொண்டுதான் ஏறியது. ஏழு வருடம் மனேச்சரின் பக்கத்து மேசையில் இருந்தேன். அதைப்பற்றி அவரும் கதைக்கவில்லை, நானும் கதைக்கவில்லை. அவர் நல்லவர். அவர்மீது எனக்கு ஆறாத கோபமும் இருந்தது. இரண்டும் உண்மை.

அவர் ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கதிரை எனக்கு வந்தது. தொண்ணூற்றைந்தில், காங்கேசன்துறைப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்த ஒரு பிள்ளை நேர்முகத்துக்கு என் முன்னால் இருந்தாள். முன்பு ஓர் அச்சகத்தில் கணக்கு எழுதியவள். நிர்வாகசபைக்குக் கொடுக்கும் படிவத்தில் கடைசிச் சம்பளத்துக்கான கட்டம் அப்படியே இருந்தது.

"கடைசியா எவ்வளவு எடுத்தனீர்?" என்று கேட்டேன்.

அவளுடைய கை மடியிலிருந்த பைக்குள் போனது. எதையோ தொட்டது. வெறுங்கையாக வெளியே வந்தது.

"ஆயிரத்தெண்ணூறு, மிஸ்."

பைக்குள் இருக்கும் சிட்டையில் தொகை அதைவிடக் கூட என்று எனக்குத் தெரியும். "அதை எடும், பிள்ளை, பாப்பம்" என்று சொல்லியிருக்கலாம். அந்தக் கதிரையில் இருந்து அதைச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருத்திதான். அவள் பையின் சிப்பை மெதுவாக இழுத்து மூடும்வரை காத்திருந்தேன். பிறகு குனிந்து, கட்டத்துக்குள் ஆயிரத்தெண்ணூறு என்று வடிவாக எழுதினேன்.