சந்தனம் வைத்த ரேம்

எங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு பழக்கம். புதிதாக எந்தச் சாமான் வீட்டுக்குள் வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டாமல் விடமாட்டார். போர் மோட்டார், மருந்தடிக்கும் மிஷின், கேஸ் அடுப்பு, எதுவும் தப்பியதில்லை. பிரிட்ஜின் நெற்றியில் வைத்த பொட்டு இன்னும் போகவில்லை. நானும் ஒன்றும் சொல்வதில்லை. சொன்னால் மட்டும் காதில் ஏறிவிடுமா? ஆனால் அந்தச் சனிக்கிழமை அவர் வைத்த சந்தனத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தலை காந்துகிறது.

என் மகளுக்கு மெட்ராஸில் கம்ப்யூட்டர் வேலை. மருமகன் துபாயில் இருக்கிறார். பிரசவத்துக்கு வந்தவள், லீவு முடிந்த பிறகும் இங்கே இருந்தபடியே லேப்டாப்பில் வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். லேப்டாப் அவளுடையதுதான், பழசு. ஒன்றைத் திறந்தால் இன்னொன்று நின்றுபோகும். மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே அவள் வாய் திறந்தது திறந்தபடி படம் உறைந்துவிடுமாம். மேலதிகாரி பொறுத்துப் பார்த்துவிட்டு, "திங்கட்கிழமையும் இப்படியே இருந்தால் ஆபீசுக்கே வந்துவிடு" என்று சொல்லிவிட்டார். அங்கே போனால் பிள்ளையை யார் பார்ப்பது? பால் குடிக்கிற பிள்ளை. நான் கூடப் போனால் இங்கே மாட்டையும் மனுஷனையும் யார் பார்ப்பது?

"ரேம் ஒண்ணு வாங்கிப் போட்டா சரியாப்பூடும்மா" என்றாள் மகள். எனக்குப் புரியவில்லை என்று தெரிந்து அவளே சொன்னாள். "சமையல் மேடை சின்னதா இருந்தா எத்தினி பாத்திரம் வெக்க முடியும்? இதும் அப்பிடித்தான். மேடைய பெருசு பண்ணப் போறேன்."

கள்ளக்குறிச்சிக் கடையில் போனில் சொல்லிவைத்தாள். லேப்டாப்பையும் கொண்டுவந்தால் தானே மாட்டித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார். எங்கள் வீட்டுக்காரர் விட்டால்தானே!

"கடையில வுட்டா உள்ள கீற நல்ல சாமான உருவிகினு ஓட்டைய சொருகிக் குடுப்பானுங்க. மோட்டாருக்குக் காயில் கட்டக் குடுத்தப்ப பட்டது பத்தாதா? நம்ம வூட்லயே மாட்டிக்கலாம்."

தான் மட்டும் போய் அந்த ரேமை வாங்கிவந்தார். வெள்ளிக் காகித உறையில், நாக்கு வழிக்கும் தகடு நீளத்துக்கு ஒரு பச்சைத் துண்டு. ஓரத்தில் பொடிப்பொடியாகத் தங்கப் பல் வரிசை.

சனிக்கிழமை காலையில் மகள் மேசையைத் துடைத்தாள். லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைப் பிடுங்கி, கவிழ்த்துப் போட்டு, திருகாணிகளைக் கழற்றிக் கிண்ணத்தில் போட்டாள். அடித்தட்டைத் தூக்கிவிட்டுப் பேட்டரி ஒயரையும் பிடுங்கினாள். உள்ளே கை வைக்கும் முன் இரும்பு பீரோவைத் தொட்டுக்கொண்டாள். நம் உடம்பில் இருக்கிற கரண்டு அதில் இறங்கிவிடுமாம். குடத்தைத் தூக்கக்கூட வலுவில்லாத என் உடம்பில் ஏது கரண்டு என்று நினைத்துக்கொண்டேன், கேட்கவில்லை.

உறையைப் பிரிக்கப் போன நேரத்தில் இவர் வந்து நின்றார்.

"இப்ப இன்னா பண்ற? மணி ஒம்போது ஆவுது. ராகு காலம்."

"அப்பா, இது இன்னா கல்யாணமா?"

"பத்தரைக்கு மேல மாட்டு. எங்க ஓடப்போவுது?"

அவள் வாய் திறப்பதற்குள் பிள்ளை அழுதது. "யாரும் எதையும் தொடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பால் கொடுக்கப் போனாள். நான் சட்னிக்கு வெங்காயம் உரிக்கப் போனேன். கொஞ்ச நேரத்தில் கற்பூர வாசனை வந்தது. உரித்த வெங்காயத்தை அப்படியே போட்டேன்.

ஓடிவந்து பார்த்தால், சாமி மாடத்தில் வெற்றிலை மேல் ரேம். உறை ஒரு பக்கம் கிடந்தது. குழைத்த சந்தனத்தை அந்தத் தங்கப் பல் வரிசை முழுக்க அப்பி, நடுவில் குங்குமம் வைத்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு பக்தி.

"இன்னாங்க பண்ணி வெச்சிருக்கீங்க!"

"நிலவாசப்படிக்கு வெக்கிறதில்ல? அதுமாதிரி வாசல் பாத்து வெச்சேன்."

மகள் பிள்ளையைத் தோளில் போட்டபடி வந்து பார்த்தாள். கத்தவில்லை. அப்படியே கட்டிலில் உட்கார்ந்து, "திங்கக்கெழம நான் பஸ் ஏறவேண்டியதுதான்" என்றாள். கண்ணில் தண்ணீர். இவர் தோள்துண்டின் முனையை எச்சில் தொட்டுத் துடைக்கப் போனார். நான் ரேமைப் பிடுங்கிக்கொண்டேன்.

கடைக்கு போன் போட்டாள். "தண்ணி வெக்காதீங்க, தேய்க்காதீங்க, அப்படியே எடுத்தாங்க. மத்தியானம் கட சாத்திடுவேன்" என்றார் கடைக்காரர்.

யார் போவது? "அவன் மின்னாடி போயி நான் பல்லக் காட்டிகினு நிக்கணுமா? சாமிக்கு வெச்சது ஒரு குத்தமா?" என்று இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். இவரைப் பெற்றவர்களைத்தான் கேட்கவேண்டும்.

நான் போனேன். ரேமைத் தூக்குச் சட்டியில் வைத்து மூடிக்கொண்டேன். மலைமேல் கரியாலூரிலிருந்து இறங்கி வருகிற பஸ்ஸில் பலாப்பழ மூட்டைகளுக்கு நடுவே ஒற்றைக் காலில் நின்றேன். நான் அடுத்த தெருக்காரர்களிடமே முகம் பார்த்துப் பேசாதவள். கடையில் என்ன சொல்வது என்று வழியெல்லாம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

கடை முழுக்க வாலிபப் பிள்ளைகள். ஓரமாக நின்றேன். என்னை யாரும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. கடைக்காரர் ஷட்டர் கம்பியைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு வாய் வந்தது.

"தம்பி, சந்தனம்…"

"சந்தனமா? பூஜை சாமான் கட எதுர்ல ஆயா."

"இல்லப்பா. ரேம்ல." சட்டியைத் திறந்து காட்டினேன்.

கடையே சிரித்தது. "காது குத்தினு வந்திருக்குதுடா" என்றான் ஒருத்தன். "மொட்டையும் அடிச்சிருக்கலாம்" என்றான் இன்னொருத்தன். எனக்கு முந்தானையால் முகத்தை மூடிக்கொள்ளத் தோன்றியது. செய்தவர் அங்கே காற்றாடிக்கு அடியில் படுத்திருக்க, சிரிப்பு வாங்குவது நான்.

கடைக்காரர் மட்டும் சிரிப்பை அடக்கிக்கொண்டு, ஏதோ ஸ்பிரிட்டைப் பிரஷ்ஷில் தொட்டுத் தொட்டுப் பல்லிடுக்கெல்லாம் துடைத்தார். "ஈரத்தோட இத மாட்டி ஆன் பண்ணியிருந்தா லேப்டாப்பே போயிருக்கும் ஆயா" என்றார். காயவைத்து, தன் மிஷினில் போட்டுப் பார்த்து, வேலை செய்கிறது என்றார். பிறகு நிறுத்தி நிதானமாகச் சொன்னார். "ஓரத்தப் புடிச்சுச் சாய்வா சொருகணும். அப்புறம் அமுக்கினா ரெண்டு பக்கமும் டக்குனு புடிக்கும். மொதல் தடவ கொஞ்ச நேரம் இருட்டாவே இருக்கும். பயந்து அமத்திடாதீங்க."

திரும்பி வந்தபோது இவர் சாப்பிட்டுவிட்டிருந்தார். மகள் பீரோவைத் தொட்டுவிட்டு, ஓரத்தைப் பிடித்து ரேமைச் சாய்வாகச் சொருகி அமுக்கினாள். டக்கென்றது. பேட்டரி ஒயரை மாட்டி, மூடி, திருகி, பட்டனை அழுத்தினாள்.

இருட்டு. ஒரு வெளிச்சம் இல்லை. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"கரண்டு பேஸ் வரல போல. அமத்திட்டுத் திரும்பப் போடு" என்று இவர் பட்டனுக்கு விரலைக் கொண்டுபோனார்.

"கைய எடுய்யா!" என்றேன். மரியாதை இல்லாமல் நான் அவரை அதட்டியது அதுதான் முதல் தடவை. அவர் விரல் அந்தரத்திலேயே நின்றது. பிள்ளை விழித்துக்கொண்டது. அப்புறம் திரையில் வெளிச்சம் வந்தது. மகள் எதையோ திறந்து பார்த்து, "மேட ரெண்டு பங்கு காட்டுதும்மா!" என்று என் தோளில் சாய்ந்தாள்.

"பாத்தியா, பூஜ போட்டதுக்குப் பலன்" என்றார் இவர். நான் சட்டியைக் கழுவப் போய்விட்டேன். இல்லையென்றால் வாயில் என்ன வந்திருக்குமோ.

திங்கட்கிழமை மீட்டிங் ஒரு தடவைகூட நிற்காமல் நடந்ததாம். மேலதிகாரி இங்கேயே இருந்து பார்க்கச் சொல்லிவிட்டார். இவர் துண்டை உதறிப் போட்டுக்கொண்டு டீக்கடைக்குக் கிளம்பினார், விஷயத்தைச் சொல்ல. மகள் அறைக்கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினாள்.

"அம்மா, நான் பேசும்போது மிக்ஸி போடாத. குக்கரும் வேணாம். மாட்டயும் கத்தவுடாத."

மாட்டை எப்படிக் கத்தாமல் இருக்கச் செய்வது? அதையும் என்னைத்தான் கேட்கிறார்கள். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, ஒரு கை வைக்கோலோடு தொழுவத்துக்குப் போனேன்.